ஒத்தத் தடம்

மகாராணியாருக்கு அறுபதாம் வருஷ ஜூபிலி என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த வருஷத்தில் ஆறுபனைவிளைக்கு மிட்டாய் வந்து சேரவில்லை, சக்கரம்தான் வந்து சேர்ந்தது. சாந்தபுரம் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மிஸ்ஸியம்மாள் சீமைக்குக் கப்பலேறும்போது தன்னுடைய பைசிக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஆறுபனைவிளைப் பள்ளிக்கூடத்து வாத்திச்சி பரிபூரணத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுத்தவளுக்கு என்ன தெரியும் பாவம், அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆறுபனைவிளைக்கும் சாந்தபுரத்துக்கும் நடுவே கிடப்பது நாலு மைல் தேரி, சிவப்பு மணல், மணலுக்கு அப்பால் மணல். ஆடிக்காற்று அடித்தால் நேற்று மேடாகக் கிடந்தது இன்று பள்ளம், நேற்று நின்ற பனைக்கு இன்று தலை மட்டும்தான் மிச்சம், மாடு நடந்த தடம் மாடு திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிப்போகும். உச்சிவெயிலில் அதைத் தாண்டுகிற பெண்கள் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கால் பொறுக்குமட்டும் ஓடுவது, பொறுக்காதபோது கொப்பைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்று மூச்சு வாங்குவது, மறுபடி எடுத்துக்கொண்டு ஓடுவது. வண்டி அதில் புதைந்துவிடும். வண்டிக்குச் சுற்று ரோடுதான், பதினான்கு மைல்.

அந்தச் சுற்று ரோட்டில் வண்டிக்குள்ளேயே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பரிபூரணம். புருஷன் பனையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். அவனுடைய தங்கச்சி முத்தாபரணம், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள், ஒரே ஒரு மகளை வைத்துக்கொண்டிருந்தவள். இது முத்தாபரணத்தின் கதைதான், ஆனால் அவளுடைய மைனியைச் சொல்லாமல் அவளைச் சொல்லத் தோதில்லை.

பரிபூரணம் தான் மட்டும் ஏறி ஓட்டிவிட்டுப் போயிருந்தால் ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டிருக்கும். அவள் ஊர்ப் பெண்களையெல்லாம் ஏற்றப் பார்த்தாள். வேதக்கோயில் முற்றத்தில் நாலு நாள் விழுந்து எழும்பிப் பழகி, ஐந்தாம் நாள் முழங்கைக் காயம் ஆறுமுன்னே உட்கார்ந்து 'ஸ்திரீகள் சக்கரமேறுவதற்குப் பன்னிரண்டு நியாயங்கள்' என்று எழுதி, அச்சுப்போட்டு வாங்கி, கிணற்றடியிலும் பனையடியிலும் வாசிக்கத் தெரிந்தவளுக்கும் கொடுத்தாள், தெரியாதவளுக்கும் கொடுத்தாள். முதலாம் நியாயம், ஸ்திரீகளுக்கும் கால் இரண்டு உண்டு. நாலாம் நியாயம், குடம் சுமந்து நடப்பதால் கெடாத சரீரம் உட்கார்ந்து மிதிப்பதால் கெட்டுப்போகாது. ஏழாம் நியாயம், பிள்ளைநோவானது புருஷன் மாடு தேடிப் பூட்டுமட்டும் காத்திராது. ஆண்களும் வாசித்தார்கள், வாசித்துவிட்டு, சக்கரமேறுகிறவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிப்போகும், பால் வற்றிப்போகும், மூஞ்சி ஒருபக்கமாக இழுத்து மீசை முளைக்கும் என்று தங்கள் பங்குக்கும் நியாயம் சொன்னார்கள்.

முத்தாபரணத்தின் மகள் கிருபைதான் முதலில் ஏறியவள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை.

"ஏட்டி முத்து, நீயும் ஒருதரம் ஏறேன். நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள் பரிபூரணம்.

"எனக்கு எதுக்கு மைனி? அடுப்படிக்கும் பனைவிளைக்கும் போய்வர இந்தக் கால் போதாதாக்கும்?"

"உனக்குன்னா சொல்லுதேன்? நாளைக்கு உன் மவளுக்கு நோவு வந்தா சாந்தபுரத்துக்கு யாரு ஓடுவா?"

"வாயக் கழுவுங்க மைனி!" என்று முத்தாபரணம் கருப்பட்டிச் சிரட்டைகளைப் படபடவென்று கவிழ்த்தாள். அந்தப் பேச்சு அவளுக்கு ஆகவே ஆகாது.

அந்தப் பங்குனியில் ஒருத்திக்கு இரண்டு நாளாக நோவு எடுத்துப் பிள்ளை வராமல் கிடந்தபோது பரிபூரணம் சக்கரத்தைத் தேரிக்குள் உருட்டிக்கொண்டு போனாள். பத்தடி உருட்டினாள், ஏறினாள், மிதித்தாள், மணல் தாங்கியது, அவ்வளவுதான், நாலு மைலும் தாங்கியது. திரும்பும்போது டாக்டரம்மாளும் தன் சக்கரத்தில் அதே தடத்தில் பின்னாலேயே வந்தாள், தாயும் பிழைத்தது பிள்ளையும் பிழைத்தது. பிறகு ஆடி வந்தது. காற்று அடித்தது, பனைகளை மூடியது, கோயில் படியை மூடியது, சபைக்குப் பெரியவரான மூப்பர் வீட்டுத் தொழுவத்தை மூடியது. அந்தத் தடத்தை மட்டும் மூடவில்லை. மேலே விழுந்த மணல் சரிந்து போனது, தடம் அப்போதுதான் தண்ணீர் தெளித்த தரைமாதிரி கருத்து, ஒரு சாண் அகலத்தில், சாந்தபுரம் வரைக்கும் கிடந்தது. உச்சிவெயிலிலும் குளிர்ந்து கிடந்தது.

ஊருக்கு இது பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண்கள் கொப்பு ஒடிப்பதை விட்டார்கள். ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்து ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, குடத்தோடும் விறகோடும் அந்த ஒரு சாண் அகலத்தில் நடந்தார்கள். எதிரெதிரே வந்தால் யார் இறங்குவது என்று முதலில் சண்டை, பிறகு நிறைகுடம் வந்தால் வெறுங்குடம் இறங்க வேண்டும், பிள்ளைத்தாச்சி வந்தால் யாரானாலும் இறங்க வேண்டும் என்று தீர்ப்பு. ஆண்களுக்கும் தடம் குளிரத்தான் செய்தது, ஆனால் காலுக்கு முன்னால் காலை வைத்து நடந்தால் இடுப்பு ஆடும், அந்த வெட்கத்தில் அவர்கள் சுடுமணலிலேயே நடந்தார்கள். கோழிகள் தடத்தோரம் முட்டையிட்டன. குருவானவர் நெருக்கமான வழியைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கம் வைத்தார்.

இரண்டு தொந்தரவுதான் வந்தது. ஒன்று, பரிபூரணத்தின் சக்கரம் போன இடத்திலெல்லாம் தடம் நின்றது. ஊருக்குள் எந்தெந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், ஆண்கள் பனையேறப் போன வேளையில் எவளெவளுக்குச் சக்கரம் பழக்கிக் கொடுத்தாளோ, அத்தனை கொல்லையும் வட்டம் வட்டமாகத் தடம் காட்டிக் கொடுத்தது. மொத்தம் பதின்மூன்று வீடு. அந்தப் பதின்மூன்று வீட்டிலும் அன்றைக்கு அடி விழுந்தது.

இன்னொன்று, மூப்பர் வேதக்கண் வீட்டு வண்டிக்காரர் தவசிக்கண் கேட்ட கேள்வி. வண்டியோடே பிறந்து வண்டியோடே வளர்ந்தவர், தடத்துக்கு முன்னால் குத்தவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தச் சக்கர வண்டிக்குச் சக்கரம் ரெண்டு இருக்குல்லா? தடம் ஒண்ணுதானே கெடக்கு. மத்தத் தடம் எங்க?"

பரிபூரணம் விரலால் மணலில் கோடு போட்டு, முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் போகிறது அண்ணாச்சி என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். யார் காதில் ஏறும்? வண்டி என்றால் தடம் இரண்டு, இரண்டாவது இங்கே இல்லையென்றால் வேறெங்கோ கிடக்கிறது, உயிரோடிருக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதிலிருந்து தடத்துக்கு இடப்பக்கம் ஒரு வண்டி அகலத்துக்கு யாரும் கால் வைப்பதில்லை, அங்கே எச்சில் துப்புவதில்லை, அந்தப் பக்கம் பிள்ளைகளை விளையாட விடுவதில்லை. எதற்கு என்று கேட்டால், அது மத்தத் தடத்துக்கு உள்ள இடம் என்பார்கள்.

இதற்குள் கிருபையை வேதக்கண் மூப்பரின் மகனுக்கே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. முத்தாபரணத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், மூப்பர் வீட்டுச் சம்பந்தம் என்றால் சும்மாவா. நிச்சயம் செய்த அன்றைக்கே கிருபை சக்கரமேறுவதை நிறுத்திவிட்டாள், அது முத்தாபரணத்துக்குத் தெரியும், நிறுத்தச் சொன்னதே அவள்தான். ஒன்றரை வருஷம் கழித்து நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. "நான் ஒரு மணிநேரத்துல டாக்டரம்மாவக் கூட்டிட்டு வாரேன்" என்று பரிபூரணம் சக்கரத்தோடு வாசலில் வந்து நின்றாள்; "பதின்மூணு வீட்டைக் கெடுத்த தடத்தில என் வீட்டுக்கு ஆள் வரவேண்டாம்" என்று மூப்பர் கதவைச் சாத்தினார். முத்தாபரணம் உள்ளே மகள் தலைமாட்டில் இருந்தாள். எழும்பிப் போய்க் கதவைத் திறக்க அவளுக்கு மனசு வந்தது, கால் வரவில்லை. மூன்றாம் நாள் வண்டி பூட்டினார்கள், சுற்று ரோட்டில் ஒன்பதாவது மைலில் பிள்ளை செத்துப் பிறந்தது.

முப்பது நாள் கழித்து மூப்பர் முத்தாபரணத்தைக் கூப்பிட்டார்.

"உன் மவ உடம்பு பிள்ளைக்கு ஆவாத உடம்புன்னா, உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரு. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"மூப்பரய்யா..."

"ஆனா சக்கரத்தால வந்த வினைன்னா அது வேற. அப்போ உன் மவ மேல குத்தமில்ல. கதவச் சாத்துனவன் மேலயும் குத்தமில்ல. சபை கூடுது, நீயே வந்து சாட்சி சொல்லு."

அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் தீர்ந்தது, காணாமல்போன மாடு கிடைத்தது என்று யாராவது எழுந்து சாட்சி சொல்லி முடித்தால் சபை முழுக்க ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். முத்தாபரணம் பீடத்துக்கு முன்னால் நின்றாள். மைனி பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க மைனிதான் என் மவளை மாசமா இருக்கையிலயும் சக்கரத்துல ஏத்துனாவ. அதுலதான் பிள்ள போச்சு" என்றாள் முத்தாபரணம். பிறகு வழக்கப்படி, "ஸ்தோத்திரம்" என்றது சபை.

பரிபூரணத்தைச் சபைக்குப் புறம்பாக்கினார்கள். பள்ளிக்கூடம் போயிற்று. சக்கரத்தைக் கல்லைக் கட்டிப் பாழுங்கிணற்றில் இறக்கினார்கள். பதின்மூன்று வீட்டுப் பெண்களையும் மண்வெட்டியோடு வரச்சொல்லித் தடத்தைக் கொத்தச் சொன்னார்கள். கொத்தினார்கள், மண்வெட்டி மழுங்கியது, தடம் அப்படியே கிடந்தது. அதற்கும் ஊர் ஒரு வழி கண்டது, தடம் நெடுகிலும் உடைமுள்ளை வெட்டிப் போட்டு மூடியது. கொப்பு ஒடிக்கும் பழக்கம் பெண்களுக்குத் திரும்ப வந்தது. பரிபூரணத்துக்கு நெருப்புக் கொடுப்பாரில்லை, தண்ணீர் ஊற்றுவாரில்லை, அவள் தேரியோரத்தில் ஒரு பனையோலைக் குடிலில் தன்னந்தனியே கிடந்தாள். கிருபையை மூப்பர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். முத்தாபரணம் கருப்பட்டி ஊற்றினாள், சாப்பிட்டாள், மைனியின் குடில் இருக்கிற திக்கைப் பார்க்காமல் நடக்கப் பழகினாள்.

அடுத்த சித்திரையில், விறகு பொறுக்கப் போன முத்தாபரணம்தான் மைனியை முதலில் பார்த்தாள். நடுத்தேரியில், முள்ளுக்கு அருகே, சுடுமணலில் பரிபூரணம் ஒருக்களித்துக் கிடந்தாள். காலடியில் வேப்பங்கொப்பு. இலையெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் இருந்தது. முத்தாபரணம் தன் கையிலிருந்த கொப்பை மைனியின் பாதத்துக்கு அடியில் வைத்தாள், வைத்துவிட்டு, ஐயோ இப்போது எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே குழி வெட்டினார்கள், தடத்துக்கு இடப்பக்கம், ஊர் ஒதுக்கி வைத்த அந்த இடத்தில். அடக்கத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆயா மட்டும் வந்தாள். "முந்தாநாள் மத்தியானம் வந்திருந்தாவளே" என்று அழுதாள். "கிருபைக்கு மறுபடி மூணு மாசமாம், மொதப் பிள்ள குறுக்க கெடந்துச்சாம், ஐப்பசியில நாள், டாக்டரம்மா மறந்திராதீங்கன்னு சொல்லிட்டு வெயிலோட வெயிலாத் திரும்புனாவ. இருந்து போங்கன்னேன், கேக்கல." முத்தாபரணம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மணலுக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மறுநாள் காலையில் மத்தத் தடம் இருந்தது. குழிமேட்டிலிருந்து கிளம்பி இந்தப் பக்கம் ஆறுபனைவிளைக்கும் அந்தப் பக்கம் சாந்தபுரத்துக்கும், முதல் தடத்துக்குச் சரியாக ஒரு வண்டி அகலம் விட்டு, அதேபோல் கருத்து, அதேபோல் குளிர்ந்து கிடந்தது. "நான்தான் சொன்னேன்லா!" என்றார் தவசிக்கண். ஊருக்கு அதில் பெரிய திருப்தி. தாங்கள் சொன்னது சரியாகப் போயிற்று என்ற சந்தோஷத்தில் முள்ளை வாரி எறிந்துவிட்டு வண்டியை விட்டுப் பார்த்தார்கள், வண்டி கிண்ணென்று போனது. பதினான்கு மைல் நாலு மைலாயிற்று. கருப்பட்டி வண்டி, உப்பு வண்டி, கல்யாண வண்டி எல்லாம் அதில்தான். மூப்பர் ரோடு என்று பெயரும் வைத்தாயிற்று. ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் தானாக வந்தது: மூப்பர் ரோட்டில் போகிற வண்டியில் இடப்பக்கம் யாரும் உட்காருவதில்லை. கேட்டால், அது வாத்திச்சி இடம் என்பார்கள், வெற்றிலை மென்றுகொண்டே சொல்வார்கள்.

கிருபைக்கு ஐப்பசிக்குக் காத்திருக்காமல் புரட்டாசிக் கடைசியிலேயே நோவு கண்டது. நல்ல உச்சிவேளை. இந்தத் தடவை மூப்பர் தாமதிக்கவில்லை, தவசிக்கண் வண்டியைப் பூட்டினார், கிருபையை வைக்கோலில் கிடத்தினார்கள், முத்தாபரணம் ஏறி மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி இரண்டு மைல் ஓடியது. குழிமேட்டுக்கு நேரே வந்ததும் மாடுகள் நின்றன.

தவசிக்கண் அதட்டினார், வாலை முறுக்கினார், இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடுகள் அசையவில்லை. திரும்பி வண்டிக்குள் பார்த்தவர் முகம் செத்துப்போனது.

"யக்கா, எடப்பக்கம் உக்காந்திருக்கியளே. அது வாத்திச்சி இடம்லா."

முத்தாபரணம் பதறி வலப்பக்கம் நகர்ந்தாள். மாடுகள் நின்றன. கிருபை பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், வைக்கோல் நனைந்து சிவந்துகொண்டிருந்தது. முத்தாபரணம் குழிமேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மைனி, நான் சொன்னது பொய் மைனி. என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க, பிள்ளய விட்டிருங்க." மாடுகள் நின்றன. இனி என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை, மகளின் தலையை மெதுவாக வைக்கோலில் இறக்கி வைத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கினாள்.

அவள் இறங்கியதும் வண்டியின் இடப்பக்கம் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்கிற மாதிரித் தாழ்ந்தது. மாடுகள் எட்டி நடைபோட்டன. உள்ளேயிருந்து கிருபையின் குரல் கேட்டது, தாயைக் கூப்பிடவில்லை. "அத்தை, கையப் பிடிச்சிக்கோங்க அத்தை" என்று கேட்டது, பிறகு தூரமாகிப்போனது.

பெண் பிள்ளை. குறுக்கே கிடந்ததைத் திருப்பி எடுத்தார்கள், தாயும் பிழைத்தது பிள்ளையும் பிழைத்தது. கிருபை பிள்ளைக்குப் பரிபூரணம் என்று பேர் வைத்தாள். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை, வாத்திச்சிமேல் இப்போது யாருக்கும் கோபமில்லை. அம்மாவைப் பார்த்தால் கிருபை மரியாதையாகத்தான் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், பிள்ளையை மட்டும் அவள் கையில் கொடுக்க மாட்டாள்.

ஸ்தோத்திரப் பண்டிகையன்று மூப்பர் முத்தாபரணத்தைச் சாட்சி சொல்லச் சொன்னார், பேத்தி பிழைத்ததற்கும் ரோடு வந்ததற்கும். அவள் எழுந்து, முன்னே நின்ற அதே இடத்தில் பீடத்துக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கிச் சுடுமணலிலேயே நடந்த உள்ளங்கால் இன்னும் ஆறவில்லை, கந்தல் சுற்றியிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்ன சாட்சி பொய்" என்றாள். "என் மவ கல்யாணம் நிச்சயமான பொறவு சக்கரத்தைத் தொட்டதேயில்ல. மகளுக்கு வாழ்வு வேணும்னு எங்க மைனி மேல பழியப் போட்டேன். அவிய செத்தது என்னாலதான். நான்தான் கொன்னேன்."

சொல்லிவிட்டு, இனி ஊர் தன்னை என்ன செய்யுமோ செய்யட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கல்லெடுத்து எறிவார்கள், நெருப்புத் தண்ணீர் கொடுக்காமல் ஒதுக்குவார்கள், எதுவானாலும் அது தனக்கு வேண்டும் என்றிருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

அடுத்தவள் எழுந்து, சினை மாடு நல்லபடியாக ஈன்றதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டுகையில் மூப்பர், "என்ன முத்தாபரணம், புதுசாச் சொல்லுத மாதிரிச் சொல்லுத? அது எங்களுக்குத் தெரியாதா? பதின்மூணு வீட்டுக்கும் தெரியும், குருவானவருக்குந் தெரியும்" என்றார், அன்பாகத்தான் சொன்னார். "போ, போய்ச் சாப்பிடு. இன்னைக்கு ஆட்டுக்கறி."

அவள் சாப்பிடப் போகவில்லை. வேப்பங்கொப்பு ஒடிக்காமல், கந்தலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தேரிக்குள் இறங்கி, குளிர்ந்த இரண்டு தடத்திலும் கால் வைக்காமல் நடுவே இருந்த சுடுமணலில் குழிமேடு வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். காற்று லேசாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத் தடமும் ஊர் வரைக்கும் தெளிவாகக் கிடந்தன; நடுவில் அவள் வைத்து வந்த அடிகளை மணல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, அவள் நின்ற இடத்தில் பாதத்தையும் கொஞ்சம் மூடியிருந்தது.